ஐப்பசிக்கு நான் எழுதிய எண்

சங்கரன்கோவில்
16-7-1983, சனிக்கிழமை

அன்பு மகள் வள்ளித்தாய்க்கு அம்மா எழுதுவது. நான் இங்கே சுகமாக இருக்கிறேன், படி ஏறும்போது முழங்கால் பிடிக்கிறது, மற்றபடி உடம்புக்கு ஒன்றும் இல்லை. உனக்குச் சளி விட்டு, வேளைக்குச் சாப்பிட்டு, நல்ல தூக்கம் தூங்கி அங்கே நீ தெம்பாக இருக்கவேண்டும் என்று கோமதியம்மன் சன்னதியில் தினமும் சொல்லிவிட்டு வருகிறேன். உன் ஆனி மாதக் கடிதம் வந்தது. டேராடூனில் மழை விடவில்லை, துணி மூன்று நாளாகக் காயவில்லை என்று எழுதியிருந்தாய், ஈரத்துணியை உடுத்திக்கொண்டு வெளியே போகாதே, இஸ்திரிப் பெட்டி வைத்துத் தேய்த்தாவது உடுத்து. இங்கே கோவிலில் ஆடித் தபசுக்குக் கொடி ஏறிவிட்டது, ஊர் முழுக்க வெளியூர்ச் சனம், சன்னதித் தெருவில் வளையல் கடைகள் போட்டுவிட்டார்கள், நான் ஒரு நாள்தான் போனேன், தனியாகக் கூட்டத்தில் நிற்கப் பிடிக்காமல் திரும்பிவிட்டேன். பக்கத்து வீட்டு மீரா பீவிக்கு அவள் வீட்டுக்காரர் துபாயிலிருந்து வருகிற மாதம் வருவதாக எழுதியிருக்கிறார், அந்தக் கடிதத்தை நான்தான் வாசித்துச் சொன்னேன், பதிலும் நான்தான் எழுதிக்கொடுத்தேன். தெருவில் தறிச் சத்தம் பழையபடி வந்துவிட்டது, கரண்ட் வெட்டு குறைந்திருக்கிறது. சாரல்தான் சரியில்லை. இந்நேரம் மேற்கே மலை தெரியாதபடி மூடிக் கிடக்க வேண்டும், ஆனால் நம் மச்சிலிருந்து பார்த்தால் ஒவ்வொரு மடிப்பும் வெளிச்சமாகத் தெரிகிறது.

வள்ளி, இந்தக் கடிதத்தில் ஒரு காரியம் சொல்லவேண்டியிருக்கிறது. இன்லேண்டு லெட்டரில் இடம் போதாது என்று முழுத்தாள் வாங்கி எழுதுகிறேன். நீ உட்கார்ந்து படி, சாப்பிட்டுவிட்டுப் படி. உன் புரொபசர் உன்னைப் புரட்டாசியில் பெரிய கூட்டத்தில் பேசச் சொல்லியிருக்கிறார் என்றும், ஒரே ஒரு மழையில் காட்டு மண்ணுக்கு உயிர் திரும்பிவிட்டதைப் பற்றித்தான் பேசப்போகிறாய் என்றும், அதற்குப் போன ஐப்பசி மாதத்து எண்தான் ஆதாரம் என்றும் சந்தோஷமாக எழுதியிருந்தாய். அந்த எண் பொய். மண்ணில் எண்ணிப் பார்த்து எழுதிய எண் இல்லை அது. நான் என் மனசிலிருந்து எடுத்து எழுதினேன்.

முதலிலிருந்து சொல்லுகிறேன், உனக்குத் தெரிந்ததும் இதில் வரும், பொறுத்துக்கொள். போன வருஷம் மாசியில் நீ வந்து இருபது நாள் இருந்தாய். உன் அப்பா காட்டிலாகாவில் கார்டாக இருந்த காலத்திலேயே அவருக்குக் கீழே தீ வாச்சராக மலையேறிய தங்கப்பழம் மாமாவைக் கூட்டிக்கொண்டு, வாசுதேவநல்லூருக்கு மேலே ஓடைக்கரையிலும் சரிவிலும் பாறைமேட்டிலுமாக அறுபது நைலான் வலைப்பைகளில் மருத இலையும் வேங்கை இலையும் எடைபோட்டு நிரப்பித் தரையில் பரப்பிக் கட்டிவிட்டுப் போனாய். மாதம் நாலு பை எடுத்து, இலையை உதறி, நிழலில் காயவைத்து உனக்கு பார்சல் அனுப்பவேண்டும், பைக்குக் கீழே உள்ள மண்ணைத் துணிப்பையில் கொண்டுவந்து வீட்டில் தகரப் புனலில் போட்டு மேலே பல்பு எரியவிட்டு, சூட்டுக்குப் பயந்து கீழே இறங்கிக் குப்பியில் விழும் பூச்சிகளை லென்ஸ் வைத்து எண்ணி எழுதவேண்டும், இதுதான் நீ எனக்கு விட்டுப்போன வேலை. எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு இது முடியுமா என்று பயந்தேன். நீ படம் வரைந்து சுவரில் ஒட்டிக் காட்டினாய், வாலை மடித்து வைத்துக்கொண்டு துள்ளுகிறது ஒன்று, எட்டுக் கால் உண்ணி ஒன்று, மரவட்டைக் குஞ்சு, வண்டுப் புழு. இலை தானாக மக்குவதில்லை, இதுகள்தான் கடித்துக் கடித்துத் துணுக்காக்கி, பிறகு பூஞ்சணம் படர்ந்து, பிறகு மண்ணாகிறது என்று சொன்னாய். பதினாலு வருஷம் மலையடிவாரத்துக் குவார்ட்டர்ஸில் இருந்தேன், அதே இலையைத்தான் தினமும் முற்றத்திலிருந்து கூட்டித் தள்ளினேன், அன்றைக்குத்தான் அதைக் குனிந்து பார்த்தேன்.

நீ போனபிறகு இந்த வேலைதான் எனக்குத் துணையாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. காலையில் சோறு பொங்கி இறக்கினால் அன்றைக்குள்ள பாடு முடிந்தது. இரண்டு ஆட்கள் பேசும் சத்தம் இந்த வீட்டுக்குள் கேட்டு எத்தனையோ நாள் ஆயிற்று. புனலுக்கு மேலே பல்பு எரியும் அந்த நாலு நாளும் வீட்டில் யாரோ விழித்திருப்பது போல் இருக்கும். குப்பியில் விழுந்ததுகளை எண்ணும்போது பாவமாகவும் இருக்கும், இருந்தாலும் எண்ணுவேன். பங்குனியில் நூற்றுப் பன்னிரண்டு, சாரல் தொடங்கிய ஆனியில் நூற்று முப்பத்தொன்று. அதை எழுதி அனுப்பியதும் நீ நாலு பக்கம் பதில் எழுதினாய். அதில் மூன்றரைப் பக்கம் பையைப் பற்றித்தான், கடைசியில் ஒரு வரி நீங்கள் சாப்பிட்டீர்களா என்று. அந்த ஒரு வரிக்காக நான் மற்றதை எல்லாம் இரண்டு தடவை வாசிப்பேன். குறை சொல்லவில்லை, உள்ளதைச் சொல்லுகிறேன்.

பிறகு சாரல் நின்றுபோனது. நாற்பது நாள் நூல் நூலாக விழுந்து இலைக்குள் ஈரம் ஊறவேண்டிய இடத்தில் பத்து நாள் விழுந்தது, அதோடு சரி. ஆவணியில் ஐம்பத்தெட்டு, புரட்டாசியில் இருபத்திரண்டு. இலையைக் கிளறினால் வழக்கமாக வரும் வாசனை இல்லை. தங்கப்பழம் மாமா செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலை வைத்து அழுத்திப் பார்த்தார். கார்டம்மா, முன்னல்லாம் இங்கன கால வச்சா மெத்தை மாதிரி அமுங்கும், இப்பம் அப்பளம் நொறுங்குத மாதிரில்லா நொறுங்குது, மண்ணு செத்துக் கெடக்கு பாத்துக்கிடுங்க என்று சொன்னார். அவர் விரலால் இலையை விலக்கிக் காட்டினார், போன வருஷத்து இலை, அதற்கு முந்தின வருஷத்து இலை, நரம்புகூடப் போகாமல் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தது. நான் தலையாட்டிவிட்டு மண்ணை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். உனக்கு எழுதும்போது அவர் சொன்னதை எழுதவில்லை. அவர் சொல் உன் படிப்புக்கு எதற்கு என்று நினைத்துவிட்டேன்.

அந்தப் புரட்டாசியில் உன் கடிதம் ஒன்று வந்தது, உனக்கு நினைவிருக்கும். ஐப்பசி மழை விழட்டும் அம்மா, எண் எப்படிக் கூடுகிறது பாருங்கள் என்று எழுதியிருந்தாய். கீழே, ஒரு மாதம் விட்டுப்போனாலும் புரொபசர் முழு வருஷத்தையும் மறுபடி செய்யச் சொல்லிவிடுவார், நான் ஊருக்கு வந்து முதலிலிருந்து தொடங்கவேண்டியதுதான், அதனால் கவனமாகச் செய்யுங்கள் என்றும் எழுதியிருந்தாய். ஐப்பசியில் மழை வந்தது, ஒரே ஒரு நாள். அதுவும் மழையாகவா வந்தது, கல்லெறிந்த மாதிரி இரண்டு மணி நேரம் கொட்டிவிட்டு வெயில் அடித்துவிட்டது. சரிவில் கிடந்த இலையை அப்படியே உருட்டி ஓடையில் கொண்டுபோய்ச் சேர்த்தது, பாறைக்கு அடியில் அணை போட்டமாதிரி குவித்துவைத்தது, மண்ணுக்குள் இறங்கவில்லை. ஒரு வாரம் கழித்து நாங்கள் போய் மண் எடுத்தபோது மேலே ஒரு விரல்கடை ஈரம், கீழே பொடி. வீட்டுக்குக் கொண்டுவந்து புனலில் போட்டேன். அப்போதுதான் கரண்ட் வெட்டு மோசமாக இருந்த நேரம், தறியெல்லாம் நின்று தெருவே செத்த வீடு மாதிரி இருந்தது. பல்பு எரிந்ததைவிட அணைந்திருந்த நேரம்தான் அதிகம். ஐந்தாம் நாள் காலையில் குப்பியை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தேன், ஒரு துணுக்கு மண், ஒரு இலை நரம்பு, வேறொன்றும் இல்லை. கரண்ட் இல்லாததால் இறங்காமல் மண்ணுக்குள்ளேயே செத்திருக்கும் என்று நினைத்து, மண்ணை முறத்தில் கொட்டி ஊசியால் விலக்கி விலக்கிப் பார்த்தேன். மீரா பீவி வந்து, யக்கா என்னத்தத் தொலைச்சிய என்று கேட்டாள். மத்தியானம் வரைக்கும் பார்த்தேன் வள்ளி. செத்ததுகூட இல்லை.

அப்போது எனக்கு என்ன தோன்றியது என்பதைத்தான் இத்தனை மாதமாக உன்னிடம் சொல்லமுடியவில்லை. முதலில் எனக்குச் சந்தோஷம் வந்தது. இந்த மாதம் கெட்டுப்போனது, என் மகள் திரும்பி வருவாள், மறுபடி மாசியில் பை கட்டுவாள், இந்த வருஷம் பூராவும் கூட இங்கேயே இருந்தாலும் இருப்பாள் என்று, முறத்தின் முன்னால் உட்கார்ந்தபடியே உனக்கு என்ன சமைக்கலாம் என்றுகூட நினைத்துவிட்டேன். பிறகு எனக்கே உடம்பு கூசியது. நீ எத்தனை கஷ்டப்பட்டு அங்கே போனவள், பொம்பளைப் பிள்ளைக்கு மலைக்காட்டில் என்ன ஆராய்ச்சி என்று அப்பா வழிச் சொந்தமெல்லாம் பேசியபோது பதில் சொல்லி அனுப்பியவள் நான். பெற்றவளே பிள்ளையின் வருஷம் பாழாவதில் சந்தோஷப்படுகிறேனே என்று என் மேலேயே எனக்கு பயம் வந்துவிட்டது. அந்தப் பயத்தில்தான் நோட்டை எடுத்தேன். மழை விழுந்தால் கூடும் என்று நீ எழுதியிருந்தாய் அல்லவா, அதனால் கூட்டியே எழுதினேன். எண்பத்தைந்து. இன்னின்ன வகை இத்தனை என்று பிரித்தும் எழுதினேன். கரண்ட் வெட்டு வந்து என் கையில் கெட்டதை நானே சரிசெய்கிறேன், இதில் யாருக்கு என்ன கேடு என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அன்றைக்கே தபாலில் போட்டுவிட்டு வந்தேன், இல்லாவிட்டால் மனசு மாறியிருக்கும்.

அடுத்த மாதம் ஒன்பது, மார்கழியில் ஏழு. அதெல்லாம் உள்ளபடி எண்ணியதுதான். நீ இரண்டு கடிதத்தில் கேட்டாய், அம்மா பூச்சி எண்பத்தைந்து இருந்திருந்தால் பையில் இலை எடை குறைந்திருக்கவேண்டுமே, குறையவில்லையே, ஐப்பசியில் எப்படி மண் எடுத்தீர்கள் என்று. நான் முதல் கடிதத்துக்கு மீரா பீவி வீட்டுக் கல்யாணத்தைப் பற்றி எழுதினேன், இரண்டாவதுக்கு என் முழங்காலைப் பற்றி எழுதினேன். அதற்குப் பிறகு நீ கேட்கவில்லை. அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நீயே உனக்கு ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டாய், மழை ஒன்று போதும் உயிர் திரும்புவதற்கு, பிறகு ஈரம் நிற்காததால் குறைந்துவிட்டது என்று. அதை அழகாக எழுதி, அனுமதி கொடுத்த வனச்சரக அலுவலகத்துக்கு தை மாதம் ரிப்போர்ட் அனுப்பினாய்.

பங்குனியில் தீப் பிடித்ததை உனக்கு அப்போதே எழுதினேன், பாறைமேட்டுப் பைகள் உருகிப்போனதையும் எழுதினேன். மாமாவுக்குக் காலில் லேசான காயம் என்று எழுதினேன், அது லேசான காயம் இல்லை. இரண்டு உள்ளங்காலும் வெந்துபோய் இங்கே ஆஸ்பத்திரியில் இருபத்தாறு நாள் கிடந்தார். தீ மரத்தில் ஏறவில்லையாம், தரையோடு தரையாகப் போயிருக்கிறது, மக்காமல் மூன்று வருஷத்து இலை முழங்கால் உயரம் கிடந்தால் அதற்கு வேறென்ன வேண்டும். ஓடையில் பாறைக்கு அடியில் குவிந்து கிடந்ததே, அதுதான் வெடித்துப் பரவியது என்று மாமா சொன்னார். அவரும் இன்னொரு வாச்சரும் தழையை ஒடித்து அடித்து அடித்துப் பார்த்திருக்கிறார்கள். உன் பைகள் இருந்த இடத்தை வெட்டித் தனியாக்க அவர் திரும்ப உள்ளே ஓடியிருக்கிறார், பிள்ள கட்டிட்டுப் போன பையில்லா என்று நினைத்து. அதை அவர் என்னிடம் சொல்லவில்லை, மற்ற வாச்சர் சொன்னார். நான் தினமும் ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோனேன். அந்த இருபத்தாறு நாளும் எனக்குப் போக ஓர் இடமும் பேச ஓர் ஆளும் இருந்தது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஆனி மாதம் பிறந்து நாலாம் நாள் மாமா ஆள் விட்டிருந்தார், ஆபீசிலிருந்து ஒரு தாள் வந்திருக்கிறது, வாசித்துச் சொல்லவேண்டும் என்று. வாசுதேவநல்லூர் பஸ் பிடித்துப் போனேன். அவர் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார், அவர் சம்சாரம் வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தது. நான் நின்றபடியே சத்தமாக வாசித்தேன். தீ விசாரணை முடிந்தது என்று இருந்தது. சென்ற ஐப்பசி மழைக்குப் பிறகு அப்பகுதியின் மண்ணுயிர்கள் எண்பத்தைந்து என்ற அளவுக்கு மீண்டு, சருகு மக்கும் நிலைக்குத் திரும்பியதாக ஆராய்ச்சி அறிக்கை கூறுவதால், இவ்வளவு சருகு இயல்பாகத் தேங்கியிருக்க வாய்ப்பில்லை, புல் முளைப்பதற்காக யாரோ சருகைக் குவித்துத் தீ வைத்ததாகவும், வாச்சர் அதற்கு உடந்தை அல்லது கவனக்குறைவு என்றும் கருதப்படுவதால் அவரை வேலையிலிருந்து நிறுத்துவதாக இருந்தது. எண்பத்தைந்து என்ற இடத்தில் வாசிப்பதை நிறுத்தி அந்த வரியை மறுபடி பார்த்தேன். ஏன் கார்டம்மா நிறுத்திட்டிய, எழுத்துப் புரியலையா என்று கேட்டார். புரியுது என்று சொல்லி மீதியையும் வாசித்தேன். அவர் சம்சாரம் கீரையை வைத்துவிட்டு எழுந்து வந்து, இருபது வருசம் தீய அணைச்சவரு தீ வச்சாருன்னா சொல்லுதாவ என்று என்னிடம்தான் கேட்டது. நான் அன்றைக்குச் சொல்லவில்லை வள்ளி. குடித்த தண்ணீர்ச் செம்பைக் கழுவி வைத்துவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டேன்.

நாலு நாள் இருந்தேன். சொல்ல ஆளும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. மீரா பீவியிடம் சொல்லலாம் என்று வாசல் வரை போவேன், அவள் வீட்டுக்காரர் வருகிற சந்தோஷத்தில் இருக்கிறாள், திரும்பிவிடுவேன். ஐந்தாம் நாள் மறுபடி பஸ் ஏறினேன். மாமாவிடமும் அவர் சம்சாரத்திடமும், குப்பியில் ஒன்றும் இல்லாததையும் நான் எண்பத்தைந்து என்று எழுதியதையும் சொன்னேன். அவர் தன் கால் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிதானமாகத்தான் கேட்டார், நான் அன்னைக்கே சொன்னேம்லா, மண்ணு செத்துக் கெடக்குன்னு, நீங்க ஏன் அத எழுதல என்று. கார்டய்யா இருந்தா நான் சொன்னத எழுதியிருப்பாவ என்றார். அவர் சம்சாரம் என்னை வையும் என்று எதிர்பார்த்தேன், வையவில்லை, பஸ்சுக்கு நேரமாச்சு போங்க என்று மட்டும் சொன்னது. அதற்குப் பிறகு இரண்டு தடவை போனேன். மாமா வாங்க என்கிறார், இருங்க என்கிறார், அதோடு சரி. முன்பு மாதிரி மலையைப் பற்றி ஒரு வார்த்தை என்னிடம் பேசுவதில்லை.

போன திங்கட்கிழமை வனச்சரக ஆபீசுக்குப் போய் ரேஞ்சரைப் பார்த்தேன். புதிதாக வந்தவர், சின்ன வயசு, உன்னைவிட இரண்டு மூன்று வயசுதான் கூட இருக்கும். நாற்காலி போடச் சொல்லி உட்காரவைத்துக் கேட்டார். நான் எல்லாவற்றையும் சொல்லி, அந்த மாதத்து நோட்டையும் காட்டினேன். அவர் முதலில், ஏம்மா ரெண்டு பூச்சி கூடக் குறைய இருந்தா என்ன ஆகப்போகுது என்றார். பிறகு அவரே பழைய கட்டு ஒன்றைப் பிரித்து அதில் ஒரு தாளைக் காட்டினார். மாசியில், தீ தாண்டிப் பரவாமல் தீக்கோடு வெட்டுவதற்கு இன்னும் ஆறு ஆள் வேண்டும் என்று தங்கப்பழம் மாமா கேட்டிருக்கிறார். இந்த ரிப்போர்ட்டப் பாத்துதாம்மா இருக்கிற ஆள் போதும்னு எழுதுனோம் என்று ரேஞ்சர் சொன்னார். அதுவரைக்கும் மாமா வேலை போனதற்குத்தான் நான் காரணம் என்று நினைத்திருந்தேன். அவர் கால் வெந்ததற்கும் நான்தான் காரணம் என்பது அந்த நாற்காலியில் வைத்துத்தான் எனக்குத் தெரிந்தது. அவர் தண்ணீர் கொடுத்தார். இதச் சொன்னா ஒங்க மகளுக்குத்தானே கேடு, ஏன் சொல்லுதீங்க என்று கேட்டார். சொல்லாட்டாலும் அவளுக்குக் கேடுதான் ஐயா, அவ தெரியாம பொய்ய நின்னு பேசப்போறா என்றேன். நான் எழுதிக்கொடுத்ததை அவர் வாங்கி வைத்துக்கொண்டார், ஆனால் ரிப்போர்ட் உன் பெயரில் இருப்பதால் நீ எழுதினால்தான் விசாரணையை மறுபடி திறக்கமுடியுமாம். நீ எழுதினால் மாமாவைத் திரும்ப எடுப்பதற்குத் தானே மேலே எழுதுவதாகச் சொன்னார். நல்ல பிள்ளையாகத்தான் தெரிகிறார்.

ஆகவே நீ எழுதவேண்டும். இதனால் உன் புரொபசர் என்ன சொல்லுவார், கூட்டத்தில் பேசவிடுவாரா, ஒரு வருஷம் போகுமா இரண்டு வருஷம் போகுமா என்று எனக்குத் தெரியாது. உன் வேலையில் நான் கைவைத்துவிட்டேன், மன்னித்துவிடு என்று கேட்பதற்குக்கூட வாய் வரவில்லை. ஆனால் ஒன்று யோசித்துப் பார். உலகத்துக் காற்றே கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறிவருவதாக உங்கள் ஆட்களில் சிலர் பேசுகிறார்கள், அது இலை மக்குவதைக்கூட மாற்றுமா என்று பார்க்கத்தான் ஆசை என்று ஒரு தடவை எழுதியிருந்தாய். எனக்கு அது விளங்கவில்லை அப்போது. இந்த ஒரு மலையில் நான் பார்த்ததை மட்டும் சொல்லுகிறேன். சாரல் குறைந்தால் பூச்சி போகிறது, பூச்சி போனால் இலை கிடக்கிறது, அடித்துக் கொட்டும் ஒரு மழை அதைத் திருப்பிக் கொண்டுவருவதில்லை, கிடந்த இலை கோடையில் எரிகிறது. எரிந்த இடத்தில் போன வாரம் மண் எடுத்துப் புனலில் போட்டேன், கரண்ட் நாலு நாளும் நிற்கவில்லை, ஒன்றும் இறங்கவில்லை. எரியாத ஓடைக்கரை மண்ணில் பதினொன்று. இரண்டும் நான் எண்ணியது, மீரா பீவியையும் கூட உட்காரவைத்து எண்ணச் சொன்னேன், அவளும் பதினொன்று என்றாள். நோட்டில் அவளும் கையெழுத்துப் போட்டிருக்கிறாள், பெயர் மட்டும்தான் அவளுக்கு எழுதத் தெரியும், அரபியிலா தமிழிலா என்று கேட்டாள், தமிழில் போடு என்றேன்.

நீ இதைச் சாக்காக வைத்து எனக்காக ஊருக்கு ஓடிவரவேண்டாம். வேலைக்காக வரவேண்டியிருந்தால் வா, மறுபடி பை கட்டவேண்டும் என்றால் நான் மலையேறுவேன், முழங்காலைப் பற்றிக் கவலைப்படாதே. ஆனால் என் மண்ணை நான் மட்டும் எண்ணக்கூடாது என்று உன் புரொபசரிடம் சொல், ஒரு ஆளைக் கூட வைக்கச் சொல். தங்கப்பழம் மாமாவுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது. அவருக்கு வாசிக்கத் தெரியாது, நான் போய் வாசித்தால் அவருக்குப் பிடிக்குமா என்று தெரியவில்லை, அதனால் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வாத்தியாரிடம் வாசிக்கச் சொல்லி மேலே எழுதிவிடு. அவர் வெறுங்காலை வைத்துப் பார்த்துச் சொன்னது சரிதான் என்று ஒரு வரி கட்டாயம் எழுது.

நோட்டில் ஐப்பசிப் பக்கத்தைக் கிழித்து இத்துடன் வைத்திருக்கிறேன். ஆபீசுக்கு எழுதும்போது கணக்கில் பிழை நேர்ந்துவிட்டது என்று பொதுவாக எழுதாதே. கரண்ட் வெட்டு என்றும் எழுதாதே. எழுதியது என் அம்மா என்று எழுது, அம்மா என்று மட்டும் போட்டு விட்டுவிடாமல் பெயரைப் போடு, ஊரைப் போடு. உனக்கு என் மேல் கோபம் இருக்கும், இருக்கட்டும், கோபத்தோடேயே எழுது, பையைப் பற்றி மட்டும் எழுதினாலும் போதும், எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே. பொட்டலத்தில் கோவில் புற்றுமண் கொஞ்சம் வைத்திருக்கிறேன், நெற்றியில் இட்டுக்கொள். காய்ச்சிய தண்ணீரையே குடி. நீ நீண்ட ஆயுளோடு, எடுத்த படிப்பை முடித்து, யார் முன்னாலும் தலை நிமிர்ந்து நிற்கவேண்டும் என்று அம்மனை வேண்டிக்கொண்டு, உன் தலையில் கைவைத்து ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
அந்த எண்ணை எழுதிய உன் அம்மா,
பே. கோமதித்தாய்,
சங்கரன்கோவில்.